வெறும் நீரும் ஒளிர்கிறது

அக்டோபர் 14
மழை இல்லை. மழைநீரில் ஹைட்ரஜன் பெராக்சைடு எவ்வளவு என்று அளக்கக் காத்திருக்கிறேன்.

அக்டோபர் 15
30 சதவீதப் பெராக்சைடை ஆயிரம் மடங்கு நீர்த்து 240 நானோமீட்டரில் பார்த்தேன்; ஒளி உறிஞ்சல் 0.41. அதைப் பெராக்சைடின் உறிஞ்சல் கெழுவான 43.6 ஆல் வகுத்தால் 9.4 மில்லிமோலார். புட்டியைத் திறந்து வெகுநாளாகிவிட்டது, தானாகவே கொஞ்சம் சிதைந்திருக்கிறது. ஆனால் என் கவலை அதுவன்று. பெராக்சைடே சேர்க்காமல் ஒப்பீட்டுக்கு வைக்கும் வெற்று மாதிரி, பிளாங்க், ஏன் இவ்வளவு ஒளிர்கிறது?

அக்டோபர் 17
மீண்டும் பிளாங்க். பெராக்சைடோடு வினைபுரிந்து ஒளிரும் லுமினாலைப் புதிதாகக் காரத்தில் கரைத்தேன், பிஎச்சை மாறாமல் வைக்கும் பஃபரின் பிஎச் 8.5 தானா என்று இருமுறை பார்த்தேன், அந்த வினையைத் தூண்டும் நொதியான குதிரைமுள்ளங்கிப் பெராக்சிடேஸைப் பாதியாகக் குறைத்தேன், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் பஃபரில் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் நொதியான கேட்டலேஸைத் துளி விட்டுப் பத்து நிமிடம் கழித்து அளந்தபோது எண் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. அப்படியானால் அந்த ஒளி பொய்யன்று, நீரிலேயே பெராக்சைடு இருக்கிறது. தூய நீர் தரும் கருவிக்குள் எரியும் புறஊதா விளக்கே நீரை உடைத்து அதை உண்டாக்குகிறது என்பது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். நாளை முதல் கண்ணாடி வாலையில் வடித்த நீர்தான்.

அக்டோபர் 18
பிளாங்க் இறங்கிவிட்டது. அறை விளக்கை அணைத்து, மீதமிருந்த செறிந்த கரைசலில் பெராக்சிடேஸை விட்டேன். குழாயின் அடியில் நீலம் சட்டென்று பூத்து, மேலே ஏறி, மங்கியது. அளவீட்டுக்கு இதனால் பயனில்லை.

அக்டோபர் 20
ஊரில் நல்ல மழையாம். அம்மா சொன்னதைக் கேட்டு எரிச்சல்தான் வந்தது.

அக்டோபர் 22
பிற்பகல் 2.40க்கு மழை. மாடியில் கழுவி வைத்திருந்த புனலின் வழியே இருபது நிமிடம் பிடித்து, இருட்டாக்கிய குப்பியில் எடுத்து ஓடிவந்து உடனே அளந்தேன்: 11 மைக்ரோமோலார். கேட்டலேஸ் சேர்த்த இணைக்குழாய் ஏறக்குறைய பிளாங்க் அளவுக்கே விழுந்ததால், கேட்டலேஸுக்கு எளிதில் உடையாத கரிமப் பெராக்சைடுகள் பெரிதாக இல்லை என்று கொள்கிறேன். மேகத்துளிக்குள் கந்தக டைஆக்சைடைக் கந்தக அமிலமாக்குவதில் பெரும்பங்கு இந்தப் பெராக்சைடுக்குத்தான். துளி தரைக்கு வருமுன் எவ்வளவு செலவாகியிருக்குமோ.

அக்டோபர் 23
விடியற்காலை மூன்று மணி மழை: 3 மைக்ரோமோலார். வெயில் இல்லாவிட்டால் இது உருவாவதும் குறைவு என்பதால் வியப்பில்லை. நேற்றைய குப்பியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அளந்தேன்: 7. பிளாங்க் மறுபடி ஏறியிருக்கிறது.