வரிசையின் கடைசியில் ஓர் இடம்

ஜப்பானில் குடியேறும் எவரும் வீடு அமைந்த 14 நாட்களுக்குள் உள்ளூர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்த வேலை, காப்பீட்டு அட்டை, எந்தக் குப்பையை எந்தக் கிழமை வைப்பது என்ற அட்டவணை எல்லாம் முடிந்த பிறகு எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. கணவருக்கு ஒகினாவாவின் ஓன்னா கிராமத்தில் இருக்கும் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணி. அங்கே ஆங்கிலமே போதும். அவரைச் சார்ந்து வந்த விசாக்காரியான நான் அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். அதற்கும் ஜப்பானிய மொழி வேண்டும்.

ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள். தப்பும் தவறுமாக ஒரு வாக்கியம் பேசினாலே "ஆகா, பிரமாதம்" என்பார்கள். எல்லாம் விருந்தாளிக்குச் செய்யும் உபசாரம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் கணக்கு. மாதக்கணக்கில் விருந்தாளியாகவே இருந்தால் மூச்சு முட்டுகிறது.

கராத்தே பக்கம் போனதற்குப் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. பக்கத்தில் ஒரு மாஸ்டர் தம் வீட்டுக் கீழ்த்தளத்தையே டோஜோவாக, அதாவது பயிற்சிக்கூடமாக வைத்திருந்தார். இங்கே அப்படிப்பட்ட டோஜோக்கள் நிறைய. உயேச்சி-ரியூ என்ற கராத்தே மரபு. உள்ளே போனதும் என்னை வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள். வயது, படிப்பு எதுவும் கணக்கில் இல்லை. என்ன பெல்ட், யார் முன்னால் சேர்ந்தவர் என்பதுதான். எனக்கு அடுத்து மேலே பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன். அவன் எனக்கு சென்பாய், அதாவது மூத்தவன். ஈரத்துணியை என்னிடம் நீட்டி, குனிந்து இரண்டு கையாலும் அதைத் தரையில் அழுத்திக்கொண்டு அந்தக் கோடிவரை ஓடிக் காட்டினான். நானும் ஓடினேன். யாரும் பிரமாதம் என்று சொல்லவில்லை. அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

தொடக்கத்தில் சான்சின் என்ற ஒரே கட்டாதான். கட்டா என்றால் வரிசை மாறாமல் செய்யும் அசைவுகளின் தொகுப்பு. பார்க்கிறவருக்கு இதில் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும். தாவல் கிடையாது, சுழன்றடிக்கும் உதை கிடையாது. முன்னே சில அடி, ஒரு திரும்பல், மறுபடி சில அடி. ஆனால் அந்த அடியை நேராக எடுத்து வைக்க முடியாது. பாதம் தரையை உரசியபடி உள்ளே வளைந்து வந்து, பிறகு வெளியே போய் நிற்க வேண்டும். கால்விரல்கள் சற்றே உட்புறம் திரும்பி, முழங்கால் லேசாக மடங்கி, இடுப்பின் அடிப்பகுதி முன்னால் சுருண்டு. முழங்கை விலாவிலிருந்து ஒரு முஷ்டி தூரம். அக்குள் இறுக்கம், தோள் மட்டும் தளர்ந்து கீழே. உயிரை எடுப்பது இந்தத் தோள்தான். வயிற்றை இறுக்கினால் அது தானாகக் காதுவரை ஏறிவிடுகிறது.

ஏறியதா இல்லையா என்று பார்க்க வழி இருக்கிறது. கட்டாவின் நடுவே மாஸ்டர் பின்னால் வந்து இரண்டு உள்ளங்கையாலும் தோளில் பட்டென்று அறைவார். அப்புறம் விலா, தொடை. புதியவர்களுக்கு மெல்ல, பழகியவர்களுக்குக் கூடம் முழுக்கக் கேட்கும்படி. உடம்பு அசையக் கூடாது, பார்வை விலகக் கூடாது, மூச்சு கலையக் கூடாது. ஹிஜி, ஹிஸா, கொஷி என்று முழங்கை, முழங்கால், இடுப்புதான் நான் உருப்படியாகக் கற்ற முதல் ஜப்பானியச் சொற்கள். காய்கறிக் கடையில் உதவாது, எலும்பு வைத்தியரிடம் உதவும்.

இந்தக் கட்டாவே ஊர் விட்டு ஊர் போனவர் கொண்டு வந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. எங்கள் மரபைத் தொடங்கிய உயேச்சி கன்பூன் 1897-இல், இருபது வயது வாக்கில், ஒகினாவாவிலிருந்து சீனாவின் ஃபூஜோ நகருக்குப் போனார். பத்தாண்டுக்கு மேல் அங்கே இருந்து கற்றவற்றில் சான்சினும் ஒன்று. 1910-இல் திரும்பியவர் நெடுநாள் யாருக்கும் சொல்லித்தரவில்லை. 1924-இல் பிழைப்புக்காக ஜப்பானின் பெருநிலத்தில் இருக்கும் வகயாமாவுக்குப் போனார். அங்கே அவரைப் போலவே வேலைக்கு வந்திருந்த ஒகினாவாக்காரர் ஒருவர் விடாமல் கேட்டதால்தான் கற்பிக்க ஆரம்பித்தார். சொந்த ஊரில் வாய் திறக்காதவர் வந்த ஊரில் குருவானார். கோஜு-ரியூ மரபிலும் சான்சின் உண்டு. அவர்கள் கையை முஷ்டியாக மடக்கிச் செய்வார்கள், நாங்கள் விரித்த கையோடு.

பயிற்சி முடிந்து நடக்கும் பேச்சில்தான் எனக்கு ஊர் பிடிபட்டது. புயல் எச்சரிக்கை வந்த நாளில், பால்கனியில் இருக்கும் பூந்தொட்டியையும் துணிக்கொடியையும் உள்ளே எடு, குளியல் தொட்டியில் தண்ணீர் பிடித்து வை, இன்னும் செய்யவில்லையா என்று ஒரு மூத்த சென்பாய் அம்மா அதட்டினார். விருந்தாளியை யாரும் அதட்ட மாட்டார்கள்.

அக்டோபர் 25 இங்கே கராத்தே தினம். 1936-இல் அதே நாளில் ஒகினாவாவின் தலைநகர் நாஹாவில் கூடிய மாஸ்டர்கள் கராத்தேயின் இன்றைய பெயரெழுத்துகளை ஏற்றதை நினைவுகூர, 2005-இல் ஒகினாவா மாநிலச் சட்டமன்றம் அறிவித்த நாள். அதையொட்டி நாஹாவின் கொகுசாய் தெருவில் கூட்டமாகக் கட்டா செய்வார்கள். 2016-இல் 3,973 பேர் ஒரே நேரத்தில் செய்தது கின்னஸில் ஏறியது. கேமராவோடு வேடிக்கை பார்க்க வந்த கணவர் அடுத்த வாரமே எங்கள் டோஜோவில் பேர் கொடுத்துவிட்டார். ஆய்வகத்தில் அவர் யாராக இருந்தாலும் இங்கே எனக்குக் கீழே. ஈரத்துணியை அவர் கையில் கொடுத்தது நான்தான்.

அவருக்கும் தோள் காதுவரை ஏறுகிறது. "ஏம்மா, இதை எப்படித்தான் இறக்குவது?" என்று வீட்டில் சாப்பிடும்போது கேட்கிறார். டோஜோவில் கேளுங்கள், சென்பாய் என்று கூப்பிட்டுக் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.