கிளாட் எழுத எந்த ஊர்?

நேற்று இரவு தங்கைக்கு கிளாட் (தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர எழுதும் நுழைவுத் தேர்வு) விண்ணப்பம் நிரப்பினோம். அதிக நேரம் பிடித்தது தேர்வு ஊரை முடிவு செய்யத்தான். ஊரை மட்டும்தான் நாம் விருப்ப வரிசையில் சொல்ல முடியும். எந்தக் கட்டடம் என்பது நுழைவுச்சீட்டு வந்தபிறகே தெரியும்.

தேர்வு மதியம் 2 மணிக்கு. 2 மணி நேரத்தில் 120 கேள்விகள், பெரும்பாலும் பத்தி பத்தியாகப் படித்துப் பதில் சொல்ல வேண்டியவை. விடியற்காலையில் பஸ் பிடித்து, வழியில் கிடைத்ததைச் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தால் அந்த நேரத்தில் கண் சொக்கும். போன வருடம் இவளுக்கு அதுதான் நடந்தது. போதாததற்கு, கொடுத்தது வலப்பக்கம் மட்டும் சின்னப் பலகை வைத்த நாற்காலி. இவளுக்கோ இடக்கை. ஓஎம்ஆர் தாளை மடியில் வைத்து வட்டம் நிரப்பினாளாம். கேட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை.

சரி, நாற்காலி நம் கையில் இல்லை. ஆனால் முதல்நாளே போய்த் தங்கி, வீட்டுச் சோறு சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழலாமே. அதனால் சித்தி வீடு இருக்கும் திருச்சியை முதலில் போட்டோம். அடுத்தது மதுரை. நுழைவுச்சீட்டு வந்ததும் அந்த இடத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரப்போகிறேன். உங்கள் வீட்டில் யாராவது எழுதினால் நீங்களும் பாருங்கள்.