பதினெட்டுப் படத்தில் ஒரு ஆள்: கோத்தகிரியில் நான்கு மாதம்

என்னை நானே படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. பிரெனைசர் முறையைப் பழக ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குளிரில் அசையாமல் உட்கார வேறு யார் வருவார்கள்?

முறை இதுதான். நீளமான லென்ஸைப் போட்டு, துளையை முழுக்கத் திறந்து, ஒரே காட்சியைத் துண்டு துண்டாகப் பல படங்கள் எடுத்து ஒட்டுவது. பனோரமா எல்லாரும் எடுக்கிறார்கள். இங்கே குறி அகலம் மட்டும் இல்லை, பின்னணி கரைந்து போவதும்தான். நியூயார்க்கில் கல்யாணப் படம் எடுக்கும் ரயன் பிரெனைசர் இதைப் பரவலாக்கியதால் அவர் பெயரே நின்றுவிட்டது.

கணக்கு எளிது. எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது, பின்னணி மங்கலும் அதிகம். என்னிடம் இருப்பது பழைய நிகான் டி610, 85 மி.மீ எஃப்1.8 லென்ஸ். 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் துளையின் விட்டம் 47 மி.மீ. ஒட்டி முடித்த படம் 28 மி.மீ லென்ஸ் காட்டும் அகலத்துக்கு வந்தால், 28-ஐ 47-ஆல் வகுக்க வேண்டும்: எஃப்0.6. அப்படி ஒரு 28 மி.மீ லென்ஸ் எந்தக் கடையிலும் கிடையாது. அந்த அகலத்துக்குக் கேமராவை நிமிர்த்தி வைத்து, மூன்றில் ஒரு பங்கு மேலே மேலே படியும்படி எடுத்தால் வரிசைக்கு ஆறு, மூன்று வரிசை, மொத்தம் பதினெட்டுப் படம்.

இடம், மாமாவின் தேயிலைத் தோட்டத்து மேல்மூலை. ஒரு பாறை, பின்னால் சரிவு, சரிவு முழுக்கச் சில்வர் ஓக். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட மரங்கள். நேர்நேராக நிற்பதால் ஒட்டுவதில் பிசகினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

செப்டம்பரில் முதல் முயற்சி. நின்றபடி எடுக்கப் பார்த்தேன். மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் இந்த லென்ஸின் ஒரு சட்டத்தில், அதாவது ஒரே படத்தில், ஒன்றரை மீட்டர் உயரம்தான் அடங்கும். என் உயரம் அதைவிட அதிகம், ஆகவே எனக்கே இரண்டு படம் தேவை. இடையில் கேமராவைத் திருப்ப வேண்டும், திருப்ப வேண்டிய ஆளோ எதிரே நிற்கிறான். ஓடிப்போய்க் கேமராவைக் கீழே சாய்த்துவிட்டு, காலுக்கு அடையாளமாக வைத்த கற்களின்மேல் வந்து நின்றேன். கால் சரியாகத்தான் நின்றது. ஒட்டியபோது இடுப்புக்கு மேலே ஒருவன், கீழே இன்னொருவன்.

அடுத்த வாரம் அக்கா பையனைக் கூட்டிப்போனேன். ஒன்பதாம் வகுப்பு. "சொல்றப்ப மட்டும் திருப்பு, வேற எதையும் தொடாதே" என்று சொல்லித்தான் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஐந்தாவது படத்திலிருந்து எல்லாமே மங்கல். "மாமா, நான் எதையும் தொடலை, அந்த வளையத்தைத்தான் பிடிச்சுத் திருப்பினேன்" என்றான். அந்த வளையம் ஃபோகஸ் வளையம். அவனைத் திட்டவும் முடியவில்லை. திருப்பு என்றுதானே சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. உட்கார்ந்துவிட்டால் ஒரே சட்டத்தில் அடங்கிவிடுவேன். கேமராவை அசைக்காமல் ரிமோட்டை உள்ளங்கையில் மறைத்து, இரண்டு விநாடி தாமதம் வைத்து முதலில் என்னை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியது. அப்புறம் எழுந்து வந்து, காலிப் பாறையைச் சுற்றியுள்ள பதினேழையும் நிதானமாக எடுக்கலாம். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வெண்சமநிலை (நிறச் சாயல்), ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டியாக வேண்டும். ஒன்றை ஆட்டோவில் விட்டாலும் படம் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி வரும்.

ஃபோகஸ்தான் படுத்தியது. அந்தத் தூரத்தில், எஃப்1.8-இல் தெளிவாக இருக்கும் ஆழம் மொத்தம் 18 செ.மீ. ஒரு சாண்கூட இல்லை. பாறைமேல் குடையைச் சாய்த்து வைத்து, அதன் கைப்பிடியைத் திரையில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்தேன். பிறகு குடையை எடுத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். காது துல்லியமாக வந்திருந்தது, முடிகூட எண்ணலாம். கண் இல்லை. உட்கார்ந்ததும் உடம்பு தானாக முன்னால் குனிந்துவிடுகிறது. இப்போது குடையை ஒரு கையளவு முன்னால் நட்டு ஃபோகஸ் செய்கிறேன்.

கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா மலைத்தொடர் மறித்துவிடும். எங்களுக்கு மழை அக்டோபர், நவம்பரில்தான் கொட்டும். அதனால் அந்த இரண்டு மாதத்தில் கிடைத்தது மூன்றே காலைகள். அதில் ஒன்று நல்ல வெயில். என்ன அழகான வெளிச்சம் என்று சந்தோஷமாக எடுத்தேன். ஒட்டிய படத்தில் என் நிழல் பாறை விளிம்புவரை போய், அங்கே கத்தியால் வெட்டியதுபோல் நின்றுவிட்டது. பக்கத்துச் சட்டத்தில் நான் இல்லையே, நிழல் எப்படி வரும்?

சரி, மூடுபனி நாளில் எடுத்துவிடலாம், நிழலே விழாது என்று அடுத்த காலை காத்திருந்தேன். நிழல் விழவில்லைதான். ஆனால் பனி ஒரு நிமிஷம்கூட ஒரே மாதிரி நிற்பதில்லை. முதல் வரிசை எடுக்கும்போது மரங்கள் சாம்பல் நிறம், மூன்றாவது வரிசைக்கு வரும்போது மரமே இல்லை. அதோடு படங்களை ஒட்டும் மென்பொருளான ஹியூகின் வேறு மக்கர் செய்தது. இரண்டு படத்திலும் பொதுவாக உள்ள புள்ளிகளைத் தேடித்தான் அது ஒட்டும். பின்னணி கரைந்த இடத்தில் பிடித்துக்கொள்ளப் புள்ளி ஏது? எந்த மங்கலுக்காக இத்தனை பாடோ, அந்த மங்கல்தான் மென்பொருளுக்கு ஆகாது. மரத்தின் விளிம்புகளை நானே தேடிப் புள்ளி வைத்தேன், இரண்டு இரவு. ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு படத்திலும் மூலை இருட்டைச் சரிசெய்யாவிட்டால் வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு, பனி மெல்லிசாக ஒரே சீராக நின்றது. என்னை எடுக்கவே பன்னிரண்டு முறை போய்வந்தேன். கொழுந்து பறிக்க வந்த அக்கா ஒருவர் பையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, பொம்மை மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"படம் எடுக்கறேன்க்கா."

"யாரை?"

"என்னைத்தான்."

"அதுக்கா இத்தனை தடவை எந்திரிச்சு எந்திரிச்சு ஓடுறீங்க? குடுங்க, நான் அமுக்குறேன்."

அக்கா பையன் ஞாபகம் வந்தது. சிரித்து மழுப்பிவிட்டேன்.

பதினெட்டும் ஒட்டி வந்த படத்தின் அகலம் மட்டும் 15,000 பிக்சலைத் தாண்டியது. மடிக்கணினி ஒரு மணி நேரம் முனகியது. இனிமேல் படங்களைப் பாதியாகச் சுருக்கிக்கொண்டுதான் ஒட்டப் போகிறேன். ஆனால் திரையில் அது விரிந்தபோது, அகலமான காட்சியின் நடுவில் நான் சின்னதாக, மரங்களெல்லாம் பாலில் கரைந்ததுபோல் பின்னால் போயிருந்தன. இத்தனை அகலத்தில் இப்படியொரு மங்கலைக் கண் எதிர்பார்ப்பதில்லை. மலையே மேசைமேல் வைத்த பொம்மை மாதிரி தெரிகிறது. அம்மாவிடம் காட்டினேன். "இதுல நீ எங்கடா?" என்றாள்.

பெரிதாக்கிக் காட்டினேன். அப்போதுதான் இடது முழங்கைப் பக்கம் கண்ணில் பட்டது. கையை ஊன்றியிருந்த தேயிலைச் செடி என் பாரத்தில் வளைந்திருக்கிறது. நான் எழுந்ததும் அது நிமிர்ந்துவிட்டது. ஆகவே ஒரு கிளை பாதிவரை வளைந்து, ஒட்டு வரும் இடத்தில் அறுந்து, அதன் மிச்சம் நான்கு விரல் மேலே அந்தரத்தில் நிற்கிறது. நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும் அப்படியே இருக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் தடவி மறைக்கலாம், மனசு வரவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு முழம் சணல் கயிறு எடுத்துப்போய், உட்காருவதற்கு முன்பே அந்தக் கிளையை இழுத்துப் பாறையோடு கட்டிவிடப் போகிறேன்.