நீர்த் திருமுழுக்கு இன்றி மீட்பு உண்டா? வாய்மொழித் தேர்வுக்கு நான் படித்த முறை

கத்தோலிக்கத் திருச்சபையின் அருளடையாளங்களை (திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், போன்ற சடங்குகளை) பற்றிய இறையியல் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், "உண்டு" என்றோ "இல்லை" என்றோ தொடங்காமல், திருச்சபை எதை, எப்போது, எவருக்கு எதிராகக் கற்பித்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். நான் படித்தபோது துணைநூல்களை ஒதுக்கிவிட்டு, திருச்சபையின் போதனைகளை எண்ணிட்டுத் தொகுத்த டென்சிங்கர் நூலில் 1524, 1618 ஆகிய இரு எண்களையும் அருகருகே எழுதி வைத்துக்கொண்டேன். இரண்டும் 1547-இல் திரெந்து பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை) தந்தவை. முதலாவது, மறுபிறப்பின் நீராடலோ (அதாவது திருமுழுக்கோ) அதன்மீதுள்ள ஆவலோ இல்லாமல் மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராக முடியாது என்கிறது. இரண்டாவது, மீட்புக்குத் திருமுழுக்கு கட்டாயமில்லை, அவரவர் விருப்பம் என்போரைக் கண்டிக்கிறது. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடுவோரே இரு தரப்பிலும் மிகுதி.

ஆவல் பற்றிய எண்ணம் திரெந்தில் திடீரெனப் பிறந்ததன்று. 392-இல் பேரரசர் இரண்டாம் வாலந்தினியன் திருமுழுக்குப் பெறுமுன்பே இறந்தபோது, துயருற்ற அவருடைய சகோதரிகளிடம் மிலான் ஆயர் புனித அம்புரோசு, அவர் வேண்டிக் கேட்ட அருள் அவருக்குக் கிடைத்தே இருக்கும் என்று தம் இரங்கல் உரையில் தேற்றினார். இந்த ஒரு சான்றை நன்றாக விளக்க முடிந்தாலே பதிலுக்கு உயிர் வந்துவிடும்.

அடுத்து, அமெரிக்காவின் பாஸ்டனில் அருள்தந்தை லியோனார்டு ஃபீனி எழுப்பிய சர்ச்சை. நீராலும் ஆவியாலும் பிறந்தாலன்றி இறையாட்சிக்கு உட்பட முடியாது என்னும் யோவான் 3:5-ஐ முன்வைத்து, நீர்த் திருமுழுக்கு இன்றி எவருக்கும் மீட்பில்லை என்று அவர் தரப்பினர் உறுதியாக நின்றனர். நம்பிக்கைக் கோட்பாடுகளைக் கண்காணித்த உரோமையின் புனித அலுவலகம் 1949-இல் பாஸ்டன் பேராயர் குஷிங்குக்கு எழுதிய கடிதம் அதை ஏற்கவில்லை. வெளிப்படையாகச் சொல்லப்படாத ஆவலும் போதுமானதாகலாம் என்றது. ஆனால் அந்த ஆவல் நிறை அன்பால் உயிர்பெற்றதாக இருக்க வேண்டும், மீஇயற்கை (இறையருளால் வரும்) நம்பிக்கையும் உடன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பலர் படிக்காமலே கடந்துவிடுகிறார்கள். எந்த நல்ல எண்ணமும் போதும் என்று எழுதினால் பதில் தவறாகிவிடும். ஃபீனி 1953-இல் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டது உரோமையின் அழைப்புக்குக் கீழ்ப்படியாததற்காக என்பதையும், 1972-இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார் என்பதையும் குழப்பாமல் சொல்லுங்கள்.

"ஆவலே போதும் என்றால் திருமுழுக்கு எதற்கு?" என்று தேர்வாளர் மடக்குவார். திருச்சபையின் போதனைச் சுருக்கமான மறைக்கல்வி நூலின் 1257-ஆம் எண்ணை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு இணைத்திருக்கிறார், ஆனால் அவரே தம் அருளடையாளங்களால் கட்டுண்டவர் அல்லர். உண்மையாக ஆவல் கொண்டவர், வாய்ப்புக் கிடைத்தால் திருமுழுக்கைத் தவிர்க்க மாட்டார் என்பதே என் பதிலின் மையமாக இருந்தது. அதை இன்றும் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகள் பற்றிய கேள்வியை இதோடு சேர்க்காதீர்கள். அவர்களால் தாமாக ஆவல் கொள்ள இயலாது. அதே மறைக்கல்வி நூலின் 1261-ஆம் எண் அவர்களை இறை இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் 2007-இல் வெளியிட்ட ஆவணம், அவர்கள் மீட்படைவர் என எதிர்நோக்க வலுவான காரணங்கள் உண்டு, உறுதியான அறிவு இல்லை என்ற எல்லையில் நிற்கிறது. தேர்வில் நீங்களும் அதைத் தாண்ட வேண்டாம்.