கழல மறுத்த நட்

காசிமேட்டு உப்புக் காற்றில் வருஷக்கணக்காக நின்ற வண்டி என்றால் சும்மாவா, அப்பாவின் 1994 மாடல் ஆர்எக்ஸ் 100 பைக்கின் பின்சக்கர அச்சை (ஆக்சிலை) இறுக்கிப் பிடிக்கும் நட் மூன்று நாளாக என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது. முதல் நாள் ஓப்பன் ஸ்பேனரைப் போட்டு முக்கியதில் நட்டின் மூலைதான் மழுங்கியது.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, நட்டாண்ட மல்லுக்கட்டினுகீற, மொதல்ல எண்ணெய் குடிக்க விடு" என்றார். சரி என்று கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் இன்னொரு தடவை. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், மரை இடுக்கை அடைத்துக்கொள்ளும், வெறும் பலம் வேலைக்கு ஆகாது. நட்டைச் சுற்றிக் கவ்வும் ஆறு மூலை சாக்கெட்டை முழுசாக உட்கார வைத்து, அந்தப் பக்கம் ஆக்சில் சுற்றாமல் என் தம்பி பிடித்துக்கொள்ள, கைப்பிடியில் பைப்பைச் செருகி, முதலில் இறுக்குகிற பக்கம் லேசாக அசைத்து, சுத்தியால் நாலு தட்டு தட்டி, அப்புறம் கழற்றும் பக்கம் மெதுவாக அழுத்தினால், டக்! ஆக்சில்தான் உடைந்தது என்று பயந்தே போனேன், பார்த்தால் நட் இளகியிருந்தது.

சூடு காட்டலாமா என்றும் யோசித்தேன், ஆனால் ஸ்ப்ரே தீப்பிடிக்கும், பக்கத்திலேயே டயர், வேண்டாம்.

புது நட் போட்டாச்சு. பழையது ஜன்னல் மேல் கிடக்கிறது, தூக்கிப் போடச் சொல்லி அம்மா கத்திக்கொண்டே இருக்கிறார்.