ஜோஜியா யூனிகோடா: ரங்கூன் நாட்குறிப்பு

ஜூன் 8, ஞாயிறு

பெரியப்பாவோட பருப்புக் கடைக்கு புரோக்கருங்க அனுப்பின பழைய பர்மிய மெசேஜ் எல்லாம் புது போன்ல உடைஞ்சு உடைஞ்சு தெரியுது. 2019 அக்டோபர் 1ல நாடே யூனிகோடுக்கு (எழுத்துக்கு நம்பர் குடுக்கிற உலகப் பொது முறை) மாறிச்சு, அதுக்கு முன்னாடி எங்க பார்த்தாலும் ஜோஜி ஃபான்ட்தான். ரெண்டுக்கும் ஒரே கோட் நம்பருங்க, அதனால எது எதுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ரெடிமேட் கோட் லைப்ரரி எதையும் தொடாம பைத்தான்ல நானே ஒரு நைவ் பேயஸ் எழுதப் போறேன், அதாவது ஒவ்வொரு வகையிலயும் எது எத்தனை தடவை வருதுன்னு எண்ணி, புது மெசேஜ் எந்த வகைன்னு நிகழ்தகவு வெச்சு சொல்ற முறை.

ஜூன் 10

எதை எண்ணுறதுங்கிறதுதான் முக்கால்வாசி வேலை. 1031ங்கிற கோட் நம்பரைப் பாருங்க, நம்ம கொம்பு மாதிரியே எழுத்துக்கு இடது பக்கம் நிக்கிற குறி. யூனிகோடு அதை மெய்யெழுத்துக்குப் பின்னாடி சேமிக்கும், ஜோஜி கண்ணுக்குத் தெரியுற வரிசையிலயே முன்னாடி வெச்சிடும் (திஸ்கின்னு நம்ம பழைய தமிழ் எழுத்து முறையும் இப்படித்தான்). தனித்தனி எழுத்தா எண்ணினா ரெண்டுலயும் 1031 இருக்கும், வித்தியாசமே தெரியாது, அடுத்தடுத்த ஜோடியா எண்ணினாத்தான் பிடிபடும். இடைவெளி விட்டதும் 1031 வந்தா கிட்டத்தட்ட ஜோஜிதான். 1039ம் நல்ல சாட்சி, ஜோஜில அது நம்ம புள்ளி மாதிரி, சொல்லு முடியுற இடத்துலயும் வரும், யூனிகோடுல எழுத்தை அடுக்க மட்டும்தான், அடுத்து ஒரு மெய் வந்தே ஆகணும்.

ஜூன் 13

டிரெயினிங்ல, அதாவது முதல்ல எண்ணிக் கத்துக்கிட்ட மெசேஜ்ல, வராத ஜோடி ஒண்ணு வந்தா அதோட நிகழ்தகவு 0, பெருக்கினா மொத்தமும் 0. அதனால எல்லா எண்ணிக்கையோடயும் 1 கூட்டி, வகுக்கிற எண்ணோட ஜோடி வகைங்க எத்தனையோ அதையும் கூட்டிக்கணும், இதுதான் லாப்லாஸ் முறை. அப்புறம் பெருக்கவே கூடாது, லாக் எடுத்துக் கூட்டணும். 200 ஜோடி, ஒவ்வொண்ணும் 0.01ன்னு வெச்சுக்கிட்டாலே புள்ளிக்குப் பின்னாடி 399 சைபர் வரும், 64 பிட் எண்ணால அதைத் தாங்க முடியாது.

ஜூன் 15, ஞாயிறு

தனியா எடுத்து வெச்ச மெசேஜ்ல ஓட்டிப் பார்த்தேன், நீளமானதெல்லாம் அழகா பிரியுது! ஆனா 0.99999ன்னு வர்ற நிகழ்தகவை அப்படியே நம்பக்கூடாது, நடுவுல இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் ரெண்டு ஜோடில எண்ணப்படுது, பேயஸ் அதைத் தனித்தனி சாட்சின்னு எடுத்துக்குது. எது பெருசுன்னு மட்டும் பார்த்தா போதும். வெறும் விலை மட்டும் இருக்கிற மெசேஜுக்கு ரெண்டு ஸ்கோரும் ஒட்டிக்கிட்டே வருது, பர்மிய எண்கள் 1040லருந்து 1049 வரைக்கும் ரெண்டுலயும் ஒண்ணேதான், எந்தப் பக்கம் போனாலும் விலை மாறாது.

அடுத்தது ஜோஜியை யூனிகோடா மாத்துற கன்வெர்ட்டர். 2017 ஆகஸ்ட்ல இந்தியா உளுந்து இறக்குமதிக்கு வரம்பு போட்டுச்சே, அந்த மாசத்து மாட்பே (உளுந்துக்கு பர்மியப் பேரு) மெசேஜைத்தான் மொதல்ல படிக்கணுமாம் பெரியப்பாவுக்கு.