துபாய்ல தவக்காலம், பக்கத்து கட்டில்ல ரமலான்

துபாய்க்கு புதுசா வர்றவங்க வாடகை, விசா, லைசென்ஸ் எல்லாம் விசாரிப்பாங்க, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நாப்பது நாள் தவக்காலத்த எப்படி சமாளிக்கிறதுன்னு யாரும் கேட்டு நான் பாத்ததில்ல. ஆனா தூத்துக்குடில பொறந்து வளந்தவனுக்கு அது சின்ன விஷயம் இல்ல. ஊர்ல தவக்காலம் தொடங்குற திருநீற்றுப் புதன் அன்னைக்கு நெத்தில சாம்பல் வாங்கிட்டு வந்தோம்னா மிச்சம் நாப்பது நாளும் தன்னால ஓடும். வெள்ளிக்கிழமை சுத்தபோசனம்னா அம்மா அடுப்புல கறி ஏறாது, சாயங்காலம் கோயில்ல சிலுவைப்பாதை, கல்யாண மண்டபம் எல்லாம் காலியா கெடக்கும், பக்கத்து வீட்டு ஆச்சி வேற ஒருசந்தி, அதாவது ஒரு வேளை சாப்பாட்டோட உபவாசம், இருந்துட்டு திண்ணைல ஜெபமாலை சொல்லிட்டு இருக்கும். நாம ஆசைய அடக்கவே வேண்டாம், தெருவே நமக்கும் சேத்து அடக்கிக்கும். அதுலயும் கறிய விட்டுட்டு சீலா மீன் கொழம்பும் கணவா பொரியலுமா சாப்டுறதெல்லாம் கடக்கரைக்காரனுக்கு என்ன பெரிய ஒறுத்தல், சொல்லுங்க.

இங்க வந்ததும் அந்த தெரு போச்சு. கராமால பெட் ஸ்பேஸ், ஒரு ரூம்ல நாலு பேரு, கோயில் மணி காதுல விழாது, நான் வெள்ளிக்கிழமை என்ன தின்னேன்னு கேக்க ஒரு ஆள் கிடையாது. கோயில் இல்லாம இல்ல. ஊத் மேத்தால செயின்ட் மேரீஸ் இருக்கு, அன்னைக்கு ஆட்சில இருந்த ஷேக் ரஷீத் குடுத்த எடத்துல 1967ல வந்த கோயில், இப்ப இருக்கிற கட்டிடம் 1989ல கட்டினது. தமிழ்ல பூசை உண்டு, கூட்டத்த பாத்தா ஊர் திருவிழாவான்னு தோணும், மலையாளி, கோவாக்காரங்க, பிலிப்பினோ, அரபு பேசுற லெபனான்காரங்கன்னு எல்லா சனமும் வரும். ஆனா கோயில் வாரத்துல ஒரு நாள்தான, மிச்ச நாள் நாமளும் நம்ம போனும் தான்.

சட்டப்படி பாத்தா கத்தோலிக்கங்களுக்கு உபவாசம் ரொம்ப லேசு. பதினெட்டு வயசுக்கு மேல அறுபதுக்குள்ள உள்ளவங்களுக்கு திருநீற்றுப் புதனும், ஏசு சிலுவைல இறந்த நாளான பெரிய வெள்ளியும் மட்டும்தான் கட்டாயம், அதுவும் ஒரு நேரம் வயிறார சாப்டலாம், மத்த ரெண்டு நேரம் கொஞ்சமா ஏதாவது. தவக்கால வெள்ளிகள்ல மாமிசம் கிடையாது, அவ்ளோதான். மிச்சத்த நீயே முடிவு பண்ணிக்கோன்னு விட்டுட்டாங்க, அங்கதான் சிக்கல். நீயே முடிவு பண்ணுன்னா நம்ம மனசு வக்கீல் மாதிரி பாயின்ட் பேச ஆரம்பிச்சிரும், இன்னைக்கு ஓவர்டைம், இன்னைக்கு தலவலி, ஞாயித்துக்கிழம நாப்பது நாள் கணக்குல சேராதேன்னு ஆயிரம் சாக்கு.

2025ல எனக்கு ஒரு வழி கெடச்சது, அது கோயில்ல இருந்து வரல. அந்த வருஷம் ரமலான் மார்ச் 1 தொடங்குச்சு, திருநீற்றுப் புதன் மார்ச் 5. என் கட்டிலுக்கு எதுத்தாப்ல படுக்கிறது காயல்பட்டினத்துக்காரர், காக்கான்னுதான் கூப்பிடுவேன், அவங்க ஊர்ல அண்ணன்னு அர்த்தம், ஊர்ல ரெண்டு பேரு வீட்டுக்கும் நடுவுல பஸ்ல ஒரு மணி நேரம் போல, இங்க வந்துதான் அறிமுகம். அவரு அன்னைக்கு நோன்பு தொடங்குறதுக்கு முன்னாடி சஹர் சாப்பிட நாலரைக்கெல்லாம் எந்திரிச்சிருவாரு, லைட்ட போடாம போன் வெளிச்சத்துலயே சத்தமில்லாம சோத்துப் பாத்திரத்த திறப்பாரு, பாவம், ஆனா பெட் ஸ்பேஸ்ல என்ன சத்தமில்லாம. எனக்கு முழிப்பு தட்டிரும். முழிச்சது முழிச்சாச்சு, ரீல்ஸ் பாக்குறதுக்கு பதிலா பைபிள்ல அன்னைக்குள்ள வாசகத்தையும் ஒரு சங்கீதத்தையும் படிக்கலாமேன்னு ஆரம்பிச்சேன். விடியக்கால தொழுகைக்கு பஜ்ர் பாங்கு சொல்ற வரைக்கும் அவரு ஒரு மூலைல, நான் ஒரு மூலைல. பாங்கு சொன்னதும் அவரு தொழ போவாரு, நான் போர்வைய இழுத்து மூடிக்குவேன். கட்டுப்பாடுன்னு எல்லாரும் மனசோட பலத்த சொல்லுவாங்க, எனக்கு என்னமோ முக்காவாசி அது நேரம் சம்பந்தப்பட்ட விஷயம்னுதான் தோணுது, யாரோ ஒருத்தர் உன் பக்கத்துல அதே நேரத்துக்கு எந்திரிக்கணும்.

அவரு மாதிரி தண்ணி கூட இல்லாம சாயங்காலம் மக்ரிப் வரைக்கும் இருந்து பாக்கலையான்னு ஆபீஸ்ல கேட்டாங்க. வேண்டாம்னுதான் நெனச்சேன். அது அவங்க கடமை, அதுக்குன்னு ஒரு நிய்யத்து, அதாவது மனசுல வைக்கிற எண்ணம், ஒரு முறை இருக்கு, நான் அத ஒரு சவால் மாதிரி எடுத்து செய்றது ரெண்டு பக்கத்துக்கும் மரியாதையா படல. நான் விட்டது கரக் சாயாங்கிற இங்கத்த கெட்டியான பால் டீயும் ராத்திரி போனும். அந்த சாயாவுக்கு பழகினவங்களுக்கு தெரியும் அது எவ்ளோ பெரிய தியாகம்னு! ரெண்டு ரெண்டு திர்ஹமா டப்பால போட்டு வச்சு கோயில் உண்டியல்ல சேத்தேன். இன்னொரு லாபமும் இருந்துச்சு, ரமலான்ல நோன்பு பிடிச்சாலும் பிடிக்காட்டியும் எல்லாருக்கும் தினம் ரெண்டு மணி நேரம் வேலை குறையும், அதனால வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு மெட்ரோ பிடிச்சு அவசரம் இல்லாம போய் சேர முடிஞ்சது. அப்ப போப் பிரான்சிஸ் ரோம்ல ஆஸ்பத்திரில இருந்தாரு, பிப்ரவரி 14ல இருந்து மார்ச் 23 வரைக்கும், கோயில்ல அவருக்காக வேண்டாத நாள் இல்ல. 2019ல அவரு அபுதாபி வந்து பூசை வச்சப்ப ஸ்டேடியத்துல நின்னவங்க நெறைய பேரு இங்க உண்டு, அவங்களுக்கு அது சொந்தக்காரருக்கு சொகமில்லாத மாதிரிதான்.

வெள்ளிக்கிழமைதான் கொஞ்சம் வம்பு. காக்காவோட ஊர்க்காரங்க சேந்து நோன்பு திறக்கிற எடத்துக்கு என்னையும் கூட்டிட்டு போனாரு, பேரிச்சம்பழம், வடை, அப்புறம் நோன்புக் கஞ்சி, வாசனையே ஆள தூக்குது, கரண்டிய விட்டா கைமா. "தம்பி, ஒங்களுக்கு இன்னைக்கு கறி ஆகாதுல்ல"ன்னு அவரே ஞாபகம் வச்சு என் கிண்ணத்த வாங்கிட்டு ரெண்டு வடைய கூட வச்சாரு. வெள்ளிக்கிழமை நான் என்ன தின்னேன்னு கேக்க ஆள் இல்லன்னு சொன்னேன்ல, அந்த வார்த்தைய வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஆனா ரமலான் முடிஞ்சிருச்சே. மார்ச் 30 பெருநாள், ரூம் முழுக்க பிரியாணி, எனக்கு ஈஸ்டர் ஏப்ரல் 20, நடுவுல மூணு வாரம். வேலை நேரம் பழையபடி நீண்டுருச்சு, நாலரைக்கு எந்திரிக்க துணை இல்ல. உண்மையான தவக்காலம் அன்னைக்குதான் தொடங்குச்சுன்னு சொல்லுவேன். பசி பிரச்சனையே இல்ல, பசி பழகிரும், ஜெபம்தான் பழகவே மாட்டேங்குது, உக்காந்த அஞ்சாவது நிமிஷம் ஆபீஸ் மெயில் ஞாபகம் வரும். வெறுமனே உக்காந்திருந்த காலைகள் உண்டு, எந்த உருக்கமும் இல்லாம. நடுவுல காக்கா ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாசத்து ஆறு நோன்பு பிடிக்க மறுபடி எந்திரிச்சாரு, அந்த ஒரு வாரம் சுலபமா போச்சு.

பெரிய வெள்ளி இங்க லீவு கிடையாது, ஏப்ரல் 18 எங்க கம்பெனில வேலை நாள். அதுக்கு முன்கூட்டியே அரை நாள் எழுதி வச்சிடணும், புதுசா வர்றவங்க இத மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க, அந்த வாரம் கேட்டா கெடைக்காது. மத்தியானம் கஞ்சியும் பயறும், அப்புறம் கோயில் முத்தத்துல நிக்க எடமில்லாத கூட்டத்துல மூணு மணி நேரம் போல நின்னது, வெயில் வேற.

ஈஸ்டர் முடிஞ்சு மறுநாளே போப் இறந்த சேதி வந்துச்சு. மொதல்ல சொன்னது காக்காதான், ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி.

2026ல திருநீற்றுப் புதன் பிப்ரவரி 18, ரமலானும் கிட்டத்தட்ட அதே நாள்ல வருது. இந்த தடவ வெள்ளிக்கிழமை கஞ்சில கைமா போடுறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கிண்ணம் தனியா எடுத்து வைக்க சொல்லிருக்கேன், "அதெல்லாம் பாத்துக்கலாம், நீங்க அலாரத்த வையுங்க, ஒவ்வொரு நாளும் நானே எழுப்ப முடியாது"ங்கிறாரு.